அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச்: ஒரு விளையாட்டுப் பொருள் அங்காடியின் வீழ்ச்சி

டேவிட் அபர்கிராம்பி 1892ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய இக்கடை கூடாரம், தூண்டில், வேட்டைத் துப்பாக்கி முதலியவற்றை விற்றது. வாடிக்கையாளராக வந்து பங்குதாரரானவர் வழக்கறிஞர் எஸ்ரா ஃபிட்ச். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை; 1907இல் நிறுவனரே விலகினார். கடை பெரும்புகழ் பெற்றது அதன்பிறகுதான்!

1917இல் மாடிசன் அவென்யூவில் 12 மாடிக் கட்டடத்துக்கு மாறியது. நிலவறையில் துப்பாக்கி சுட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடிக் குளத்தில் தூண்டில் வீசிப் பார்க்கலாம். தியோடர் ரூசவெல்ட், எர்னஸ்ட் ஹெமிங்வே போன்றோர் இதன் வாடிக்கையாளர்கள்.

வேட்டைக்காக ஆப்பிரிக்கா செல்லும் செல்வந்தரை நம்பிய வணிகம், அந்த வழக்கம் மங்கியபோது தளர்ந்தது. மலிவு விலைக் கடைகளோடும் போட்டியிட இயலவில்லை. 1976இல் திவால் மனு அளிக்கப்பட்டது. 1977இல் தலைமைக் கடையும் மூடப்பட்டது. 1978இல் டெக்சாசின் ஆஷ்மன்ஸ் நிறுவனமும், 1988இல் லிமிடெட் நிறுவனமும் இப்பெயரை வாங்கின. இன்று அப்பெயரில் விற்பவை இளைஞர் ஆடைகள்.