1937 சென்னை மாகாணத் தேர்தலும் திருச்செங்கோடும்

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தல், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் சுமை கிராமங்களை விட்டு இறங்காத காலத்தில் நடந்தது. 1920 முதல் பெரும்பாலான ஆண்டுகள் ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி இதில் வீழ்ந்தது. காங்கிரஸ் முதன்முறையாக மாகாண அரசை அமைத்தது. அவ்வரசு கொண்டுவந்த மதுவிலக்கும் விவசாயிகள் கடன் நிவாரணமும் அன்றைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோடு வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடையவை.

விலை வீழ்ச்சியும் கடனும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபின் உலகெங்கும் விளைபொருள் விலை இறங்கியது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. ஏற்றுமதியை நம்பிய நிலக்கடலைக்கும் பருத்திக்கும் அதே கதி. திருச்செங்கோட்டுப் பக்கம் பெரும்பாலும் மழையை நம்பிய மேட்டாங்காடு. சோளமும் கம்பும் வீட்டுக்கு ஆகும். கிஸ்தி (நிலவரித் தவணை) கட்டவும் வட்டி கொடுக்கவும் காசு தருவது கடலையும் பருத்தியும்தான். அந்தக் காசுப் பயிர்களே விலை போகவில்லை.

கடன் மட்டும் இறங்கவில்லை. புரோநோட்டில் (கடன் பத்திரத்தில்) எழுதிய தொகை எழுதியபடியே நின்றது. பத்து மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனை அடைக்க, விலை பாதியானபின் இருபது மூட்டை வேண்டியிருந்தது. வட்டி ஏறஏற அதுவும் போதவில்லை. நிலவரியும் விலை இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. விவசாயக் குடும்பங்கள் நகைகளை விற்றுக் கிஸ்தியும் வட்டியும் கட்டின. மாகாணத்தின் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது. 1935இல் அரசுக்காக சத்தியநாதன் அளித்த அறிக்கை அதை 200 கோடி என்றது.

புதுப்பாளையம் ஆசிரமம்

சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். நிலம் தந்தவர் உள்ளூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். மழை பொய்த்த ஊர்களில் கூலிக்கு நூல் நூற்கக் கொடுத்தும் கதர் நெய்தும் ஆசிரமம் வேலை அளித்தது. தீண்டாமை ஒழிப்பும் கள்ளுக்கடை ஒழிப்பும் அதன் மற்ற இரு பணிகள். மதுவிலக்குக்காக அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் ராஜாஜியோடு கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி பணியாற்றினார். நூற்ற கூலி அன்று மாலையே கள்ளுக்கடைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு மதுவிலக்கு ஒழுக்கப் போதனை மட்டுமாகத் தெரியவில்லை. வீட்டுக் கணக்காகவும் தெரிந்தது.

தேர்தல்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாண ஆட்சியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதிகள் வேண்டும். பட்டா இல்லாத பண்ணையாட்களும் நெசவுக் கூலிகளும் பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றனர்.

நீதிக்கட்சியின் முதலமைச்சர் பொப்பிலி ராஜாவின் அரசுமீது மந்தக் காலத்துக் கசப்பு திரண்டிருந்தது. ஊரே கிஸ்திக்குத் திண்டாடும்போது அமைச்சருக்கு மாதச் சம்பளம் 4,000 ரூபாய்க்கு மேல். 500 ரூபாய் போதும் என்று காங்கிரஸ் 1931 கராச்சி மாநாட்டிலேயே தீர்மானித்திருந்தது. காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவரான சத்தியமூர்த்தி மாகாணமெங்கும் பிரசாரம் செய்தார். படிக்கத் தெரியாதவர்களுக்காக வண்ண வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரசுக்கு வாய்த்தது மஞ்சள் பெட்டி.

215 இடங்களில் காங்கிரஸ் 159ஐ வென்றது. பொப்பிலி ராஜா தம் சொந்த ஊர்த் தொகுதியிலேயே காங்கிரசின் வி. வி. கிரியிடம் தோற்றார். ஆளுநரின் சிறப்பு அதிகாரங்கள் குறித்து உறுதி கேட்டுக் காங்கிரஸ் தயங்கியதால், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவை ஏப்ரல் முதல் ஜூலைவரை இருந்தது. ஜூலை நடுவில் ராஜாஜி மாகாணப் பிரதமர் (முதலமைச்சர்) ஆனார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரும், 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான ப. சுப்பராயன் சட்டம், கல்வி ஆகிய துறைகளை ஏற்றார்.

சட்டங்கள்

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் அதைக் கண்ட முதல் மாவட்டம் இதுவே. 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலானது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி ரத்தாயிற்று. அசலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. புதிய கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 6¼ சதவீதத்தை, அதாவது ரூபாய்க்கு ஓர் அணாவை, மிஞ்சக்கூடாது. கள், சாராய வருமானம் குறைந்ததை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் இவ்வகை வரிக்கு இதுவே முன்னோடி.

பின்விளைவும் மதிப்பீடும்

பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது இவ்வரசுக்குக் கடும் எதிர்ப்பைத் தேடித் தந்தது. அந்த எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறையில் இருந்த நிலையில் உயிர்நீத்தனர். இந்தியாவைக் கேளாமலே பிரிட்டன் அதை இரண்டாம் உலகப் போரில் இழுத்ததைக் கண்டித்து அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியது. சேலத்து மதுவிலக்கு போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டு, விடுதலைக்குப்பின் 1948இல் மாகாணம் முழுவதுக்கும் விரிந்தது.

1937 தீர்ப்பை விடுதலை உணர்வின் வெற்றியாக மட்டும் எழுதுவது வழக்கம். அந்த உணர்வு உண்மை. புரோநோட்டின் பாரமும் அதே அளவு உண்மை. கடன் சட்டம் ‘விவசாயி’ என்று ஏற்றது நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவரைத்தான். வாக்குச்சாவடிக்கு வெளியே நின்ற நிலமற்ற கூலியாட்களுக்கு இச்சட்டத்திலும் இடமில்லை. ஆசிரமத்தில் இராட்டை சுற்றிய கைகளில் பல அவர்களுடையவை. அவர்கள் வாக்களிக்க, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த 1952 தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.