பே.ப.எண் எங்கே போச்சு?

"சார், இத அப்படியே எக்செல்ல போட்டுக் குடுத்துடுங்களேன்."

மாசக் கடைசியில எந்த ஆபீசுக்குள்ள நுழைஞ்சாலும் இந்த வசனம் காதுல விழும். காசு குடுத்து கணக்கு மென்பொருள் வாங்கியிருப்பாங்க. அதுக்குள்ளயே ஏகப்பட்ட அறிக்கை இருக்கும். ஆனாலும் முதலாளி கேக்கறது எக்செல்தான். ஏரியா வாரியா, சேல்ஸ்மேன் வாரியா, போன வருஷத்தோட ஒப்பிட்டு வேணும். கணக்கு மென்பொருளுக்கும் எக்செலுக்கும் நடுவுல பாலம் கட்ட நாப்பது வருஷமா ஆளாளுக்கு முயற்சி பண்ணியிருக்காங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கணக்குன்னாலே அலர்ஜிங்கறவங்களும் ஓடிடாதீங்க, நடுவுல ஒரு பெரிய பேங்க் பணத்தைக் கோட்டை விட்ட கதையும் வருது :-)

ப்ளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு, குறிப்பேட்டுல வர்ற ஒரு ஒல்லியான கட்டம் ஞாபகம் இருக்கும். தலைப்பு 'பே.ப.எண்'. பேரேட்டுப் பக்க எண். பாதிப் பசங்க அதைக் காலியா விட்டுடுவாங்க. ஆனா இந்த முறையோட உயிரே அந்தக் கட்டத்துலதான் இருக்கு. 1494-ல் வெனிஸ் நகரத்துல அச்சான தன்னோட கணிதப் புத்தகத்துல லூகா பாச்சோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கறார். குறிப்பேட்டு ஓரத்துல பேரேட்டுப் பக்கத்தை எழுதி வைக்கணும்னு அப்பவே சொல்லியிருக்கார். அவர் இந்த முறையைக் கண்டுபிடிக்கல. வெனிஸ் வியாபாரிங்க செஞ்சுட்டு இருந்ததை ஒழுங்கா எழுதி வச்சார், அவ்ளோதான்.

அந்த எண்ணால என்ன லாபம்? பேரேட்டுல எந்தத் தொகை மேல விரலை வச்சாலும் பின்னாலேயே போகலாம். பேரேட்டுலேர்ந்து குறிப்பேட்டுக்கு, அங்கேர்ந்து பில்லுக்கு. 'இந்த ரூபாய் எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னு கேட்டா பதில் இருக்கும்.

இப்ப விரிதாள் பக்கம் வருவோம். 1978-ல் டான் பிரிக்ளின் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல மாணவர். பேராசிரியர் கரும்பலகையில பெரிய அட்டவணை போட்டுக் கணக்குப் பண்ணுவார். ஒரு எண் தப்புன்னா அதைத் தொடர்ந்து வர்ற எல்லாத்தையும் அழிச்சு எழுதணும். இதைக் கம்ப்யூட்டர் செஞ்சா என்னன்னு பிரிக்ளினுக்குத் தோணிச்சு. பாப் ஃப்ராங்க்ஸ்டனோட சேர்ந்து உருவாக்கின விசிகால்க், 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. 1983-ல் லோட்டஸ் 1-2-3. 1985-ல் மேக்குக்கு எக்செல், 1987-ல் விண்டோசுக்கு.

ஒண்ணு கவனிச்சீங்களா? விரிதாளோட பலமே 'அழிச்சு மாத்திப் பாக்கலாம்'ங்கறது. பேரேட்டோட பலமோ 'அழிக்கக் கூடாது'ங்கறது. ரெண்டும் நேர் எதிர் குணம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ற மாதிரிதான்.

ஆரம்பத்துல பாலம்னு எதுவும் கிடையாது. கணக்கு ப்ரிண்ட் அவுட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு விரிதாள்ல திரும்ப டைப் அடிக்கணும். 1980களின் தொடக்கத்துல விசிகால்க் எழுதின கம்பெனியே 'டிஐஎஃப்'னு ஒரு பொதுக் கோப்பு வடிவம் கொண்டு வந்துச்சு. காற்புள்ளி போட்டுப் பிரிக்கற சிஎஸ்வியும் பரவிச்சு. ஊரே பயன்படுத்தின இந்த சிஎஸ்விக்கு 2005-ல்தான் ஆர்எஃப்சி 4180-ன்னு ஒரு வரையறையே எழுதினாங்க.

இது எல்லாமே குடத்துல தண்ணி தூக்கற வேலை. தூக்கிட்டு வந்த பிறகு ஆத்துக்கும் குடத்துக்கும் சம்பந்தம் இல்ல. அங்க ஒரு பில்லைத் திருத்தினா இங்க தெரியாது. பே.ப.எண்ணும் கூட வராது. சிஎஸ்விக்கு இன்னொரு குறை. இது எண்ணா, தேதியா, எழுத்தான்னு அதுல எங்கயும் எழுதியிருக்காது. திறக்கற நிரல்தான் ஊகிக்கணும்.

குடத்துக்குப் பதிலா குழாய் போடலாம்னு நினைச்சது அடுத்த கட்டம். 1987-ல் விண்டோஸ் 2.0-வோட டிடிஇ வந்துச்சு. ஒரு நிரல்ல எண் மாறினா இன்னொரு நிரல்ல தானா மாறும். 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசியை வெளியிட்டுச்சு. எந்த கம்பெனியோட தரவுதளமா இருந்தாலும் ஒரே மாதிரி கேள்வி கேட்டு வாங்கிக்கலாம். இது எழுத்து, இது தேதி, இது தொகைன்னு வகையும் கூடவே வரும். 1993-ல் எக்செல் 5-ல் பிவட் டேபிள். வந்த பில்களை ஊர் வாரியா, மாச வாரியா இழுத்துப் போட்டுக் கூட்டறது ரெண்டு நிமிஷ வேலையாச்சு.

நம்ம ஊர்ல கணக்குன்னா டேலிதான். 1986-ல் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பாரத் கோயங்காவும் ஆரம்பிச்ச பெங்களூர் கம்பெனி. அப்பாவோட வியாபாரத்துக்குச் சரியான கணக்கு மென்பொருள் கிடைக்காததால மகன் எழுதினது. 2000களில் வந்த டேலி பதிப்புகள்லயே ஓடிபிசி உண்டு. டேலியைத் திறந்து வச்சுட்டு, எக்செல்ல டேட்டா மெனு வழியாப் போனா 'டேலிஓடிபிசி_9000'னு ஒரு பேர் தெரியும். அந்த 9000 போர்ட் எண். அதைச் சொடுக்கினா லெட்ஜர் பேர், நிலுவை எல்லாம் எக்செலுக்கு வந்து நிக்கும். நாளைக்கு ரெஃப்ரெஷ் பண்ணா புது நிலுவை. எக்செல் 64 பிட்டா இருந்து ஓடிபிசி 32 பிட்டா இருந்தா ஒண்ணும் வராது. நிறைய பேர் அந்த இடத்துலயே வெறுத்துப் போய் விட்டுட்டு, ஆல்ட்+ஈ அழுத்தி ஏற்றுமதி பண்ணிக்கிட்டாங்க. குழாய் இருந்தும் திரும்பக் குடம்.

அதனால என்ன குடி முழுகிடுச்சுன்னு கேட்பீங்க. பாருங்க.

2012-ல் ஜேபி மார்கன் வங்கியோட லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல இழந்துச்சு. ஆபத்தை அளக்கற அவங்க கணக்கு, பல எக்செல் தாள்கள்ல, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குக் கையால காப்பி பேஸ்ட் பண்ணி ஓடினதுன்னு 2013 ஜனவரியில வந்த வங்கியோட சொந்த அறிக்கையே சொல்லுது. சராசரியால வகுக்க வேண்டிய இடத்துல கூட்டுத்தொகையால வகுத்திருந்தாங்க. ஆபத்து குறைவாத் தெரிஞ்சது. நஷ்டத்துக்கு அது மட்டுமே காரணம் இல்ல, ஆனா மணி அடிக்க வேண்டிய இடத்துல மணி அடிக்கல.

2020 அக்டோபர்ல இங்கிலாந்துல நடந்தது விற்பனைக் கணக்கு இல்ல, ஆனா அதே வியாதி. கொரோனா பரிசோதனை முடிவுகள் சிஎஸ்வியா வரும். அதைப் பழைய எக்செல் கோப்புக்குள்ள ஏத்தினாங்க. அந்த வடிவத்துல 65,536 வரிதான் கொள்ளும். 2007-லேயே 10,48,576 வரியா அதிகமாக்கியாச்சு, அவங்க பழசையே வச்சிருந்தாங்க. 15,841 பேரோட விவரம் பட்டியல்ல விடுபட்டுச்சு. அவங்களோட பழகினவங்களைத் தேடறது தாமதமாச்சு.

இப்ப நம்ம ஊர். ஜிஎஸ்டியில, சப்ளையர் ஏத்தாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எவ்வளவு எடுக்கலாம்னு 2019 அக்டோபர்ல ஒரு வரம்பு வந்துச்சு. ஏத்தின பில்களுக்குக் கிடைக்கற வரவுல 20 சதவீதம். 2020 ஜனவரியில அது 10 ஆச்சு, 2021 ஜனவரியில 5. 2022 ஜனவரி 1-லேர்ந்து பூஜ்யம். அதாவது 2பி பட்டியல்ல இல்லாத பில்லுக்கு வரவு இல்ல.

ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்த வியாபாரின்னு வச்சுக்குங்க. கொள்முதல் பட்டியலை சிஎஸ்வியா எடுத்து எக்செல்ல திறக்கறார். பில் எண் 10/11. எக்செல் அதைத் தேதின்னு நினைச்சு நவம்பர் 10 ஆக்கிடுது. 2பி-யில அது 10/11-ஆவே இருக்கு. வீலுக்கப் போட்டா 'இல்லை'ன்னு வருது. சப்ளையர் பில்லை ஏத்தலைன்னு முடிவு பண்ணி, அந்த மாசம் வரவை எடுக்காம விட்டுடறார். லட்ச ரூபாய் துணிக்கு 5 சதவீதம்னா 5,000 ரூபாய். சப்ளையரோட சண்டை தனி. 12E5-ன்னு பில் எண் இருந்தா அது 12 லட்சமா மாறிடும்!

பே.ப.எண்ணைத் திரும்பக் கொண்டு வர்ற முயற்சிகளும் நடக்காம இல்ல. 2013-ல் கூடுதல் நிரலா வந்து, 2016 எக்செல்ல உள்ளேயே சேர்ந்த பவர் குவெரி, தரவை எங்கேர்ந்து எடுத்துச்சு, வரிசையா என்னென்ன பண்ணிச்சுன்னு ஒவ்வொரு படியையும் எழுதி வைக்குது. நம்ம அரசாங்கமும் 2023 ஏப்ரல் 1-லேர்ந்து, மென்பொருள்ல கணக்கு வைக்கற கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதிவாகற மென்பொருளைத்தான் பயன்படுத்தணும், அந்த வசதியை அணைக்கவும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நல்ல விஷயம். ஆனா மீட்டிங்ல முடிவெடுக்கறது அந்த மென்பொருளைப் பாத்து இல்லையே, அதுலேர்ந்து வெளிய வந்த எக்செலைப் பாத்துத்தானே! வாசப்படி வரைக்கும்தான் காவல். தெருவுக்கு வந்த எண்ணை யார் மாத்தினாலும் அந்தப் பதிவுல தெரியாது.

அதனால குழாய் போட முடிஞ்சா போடுங்க. குடம்தான்னா மூணு விஷயம். தாளோட தலையில எந்த மென்பொருள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு எழுதுங்க. எடுத்த தாள்ல கை வைக்காம, கணக்கைப் பக்கத்துத் தாள்ல பண்ணுங்க. வரி எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் மூலத்தோட ஒத்துப் போகுதான்னு ஒரு தடவை பாருங்க. இங்கிலாந்துல உள்ள போன வரியையும் வெளிய வந்த வரியையும் எண்ணிப் பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

500 வருஷத்துக்கு முந்தி வெனிஸ்காரங்க இறகுப் பேனாவால செஞ்ச வேலைதான் இது. நமக்கு அதுக்கு ஒரு கட்டம் போதும். உங்க ஆபீஸ்ல அந்தக் கட்டத்தை யாராவது நிரப்பறாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.