உண்டீன்

லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் ஆக்கிய சொல் உண்டீன். நம் தமிழில் நீரரமகள். வடமொழி 'உதகம்' அந்த லத்தீன் சொல்லுக்குத் தூரத்து உறவு. இரண்டின் வேரும் நீரைக் குறிப்பதே.

நீர், நிலம், காற்று, நெருப்பு நான்கிலும் உயிரினங்கள் உண்டு, அவற்றுக்கு ஆன்மா மட்டும் இல்லை என்றார் பாராசெல்சஸ். நீரரமகள் மனிதனை மணந்தால் ஆன்மா பெறுவாள். இந்த ஒரு கருத்துதான் சொல்லுக்குள் துயரத்தை ஊற்றியது. 1811இல் ஜெர்மானியர் ஃபூக்கே எழுதிய 'உண்டீன்' கதையில், அவள் வீரன் ஹுல்ட்பிராண்டை மணந்து ஆன்மா பெறுகிறாள். அதோடு அழவும் கற்கிறாள். அவன் வேறொருத்தியை மணக்கும் இரவில், நீருலக விதிப்படி அவனைக் கொல்ல வருகிறாள். கையில் ஆயுதம் இல்லை. அணைத்து, முத்தமிட்டு, கண்ணீராலேயே அவன் உயிரைப் போக்குகிறாள். காதலும் தண்டனையும் ஒரே செயலாகிவிடும் இந்த இடத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

1939இல் பிரெஞ்சு நாடகாசிரியர் ஜிரோதூவின் மேடையில், உண்டீனைப் பிரிந்த கணவன் மூச்சுவிடுவதைக்கூட நினைவோடு செய்ய வேண்டியிருக்கிறது. தூக்கத்தில் சுவாசம் தானாக இயங்காத நோய்க்கு 1962இல் மருத்துவர்கள் 'உண்டீனின் சாபம்' என்று பெயரிட்டார்கள். பொருந்தாப் பெயர். நாடகத்தில் அவள் சபிக்கவே இல்லை, அவனைக் காப்பாற்றத்தான் போராடுகிறாள்.