மரங்களுக்கும் மருத்துவருண்டு

தங்கச்சிமடத்தில் என்னிடம் ஓதிய இளைஞனொருவன், மரம் பேணுதலைத் தொழிலாகக் கொள்ள விரும்பினான். அவன் தந்தைக்கோ மனம் ஒப்பவில்லை. "படித்த பிள்ளை மரமேறிப் பிழைப்பதா, ஹஜ்ரத்?" என்று என்னிடமே முறையிட்டார். அன்று நான் அவருக்குக் கூறிய விடையை அன்பர்களுக்கும் கூற விழைகிறேன்.

மரத்தைப் பேணுவது அறிஞர்தம் கலையாக விளங்கிய காலம் ஒன்றுண்டு. பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினில், தொலேடோ அரசரின் தோட்டத்தைப் பேணியவர் இப்னு பஸ்ஸால். 1085இல் அந்நகர் வீழ்ந்தபின் செவில்லே சென்று பணியைத் தொடர்ந்தார். முன்னோர் நூல்களைச் சான்று காட்டாது, தம் அனுபவத்தையே அவர் நூலாக்கினார். அடுத்த நூற்றாண்டில் அதே செவில்லேயில் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா'வை யாத்தார். 585 தாவரங்களைப் பற்றிய அந்நூலில், ஒட்டுக்கட்டுதலும், கிளை கழித்தலும், மரநோய்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. 1802இல் மாட்ரிட் நகரில் அது ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

நம் கரையிலும் இக்கலை ஏட்டில் ஏறாமல் வாழ்ந்தது. காலில் தளைநாரும் இடையில் பாளை அரிவாளுமாகப் பனையேறுபவர் வெறும் கூலியாளரல்லர். அலகுப்பனை எது, பருவப்பனை எது என்றறிந்து, பாளையைப் பதமாய்ச் சீவி, காவோலை கழிப்பவர் அவர். பனைக்குக் குருத்து ஒன்றே; அது பட்டால் மரமே பட்டுவிடும். ஆதலால் அவர் கையில் இருப்பது ஒரு மரத்தின் உயிர்.

மேலைநாட்டில் ஜான் டேவி என்பவர் 1901இல் 'மர மருத்துவர்' என்னும் பொருள்பட ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் வந்த அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷிகோ மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்தார். மனிதப் புண் ஆறுவதுபோல் மரப்புண் ஆறுவதில்லை. மரம் அப்பகுதியைச் சுவரெழுப்பித் தனிப்படுத்துகிறது என்றுணர்த்தினார். எனவே வேம்பு, பூவரசு போன்றவற்றின் கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டலாகாது. கிளையடியிலுள்ள புடைப்பை விட்டே வெட்டவேண்டும். பொந்தில் சிமெண்டு நிரப்பும் பழைய வழக்கமும் இன்று கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தொழில் உயிர்பெற்று வருகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கருவிகொண்டு தென்னையேறப் பயிற்சியளித்தது. 2019இல் சென்னையில், அப்துல் கனி என்பவரின் முயற்சியால், சாய்ந்த மரங்களை மீட்டு நட 'மர ஆம்புலன்ஸ்' ஊர்தி புறப்பட்டது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி தேவையெனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலை மறவாத தீவினருக்கு, எம்மரம் காற்றைத் தாங்கும், எது வேரற்றுச் சாயும் என்றறிந்தவர் வீண் ஆளல்லர்.

ஆயினும் அத்தந்தையின் அச்சம் பொய்யன்று. பனையிலிருந்து வீழ்ந்து முடமானோர் பலர்; அவர்தம் மனைவி மக்கள் பட்ட துயரும் சிறிதன்று. இதனை நான் மறைக்கவில்லை. தொழில் இழிவன்று, காப்பின்றி ஏறுவதே குற்றம் என்றேன்.

நெடுநேரம் மௌனமாயிருந்தவர், மகனை அழைத்து ஒரே நிபந்தனை விதித்தார்: "இடுப்பில் காப்புக்கயிறு இல்லாமல் எந்த மரத்திலும் ஏறக்கூடாது."

மகன் இசைந்தான். நான் துஆச் செய்து விடைபெற்றேன்.