மகேந்திரலால் சர்க்கார்: தானே சோதித்துப் பார்த்த மருத்துவர்

1867 பிப்ரவரி 16 அன்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை கல்கத்தாவில் தன் ஆண்டுக் கூட்டத்தை நடத்தியது. அதில் உரையாற்ற எழுந்த மகேந்திரலால் சர்க்காருக்கு அப்போது வயது 33. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற இரண்டாவது ஆள் அவர். 1863இல் அந்தக் கிளை தொடங்கியபோது அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர். தொடக்கக் கூட்டத்திலேயே ஹோமியோபதியைப் போலி வைத்தியம் என்று சாடியவர். நான்கே ஆண்டுகளில் அதே சங்கத்தார் முன் நின்று, நடைமுறை மருத்துவம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதை விளக்கி, ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனின் முறையில் உண்மை இருக்கிறது என்றார். கூட்டம் கொந்தளித்தது, சங்கத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. இந்த நிகழ்ச்சியை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். ஹோமியோபதி அன்பர்களுக்கு இது உண்மைக்காகப் பதவியை இழந்த தியாகியின் கதை. அறிவியல் வரலாறு எழுதுவோருக்கோ சற்றுச் சங்கடமான விஷயம்: பிற்காலத்தில் இந்தியாவின் முன்னோடி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சர்க்கரை உருண்டைகளை நம்பினார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு பார்வையிலும் ஒன்று விடுபடுகிறது. அவரை ஹோமியோபதியிடம் கொண்டுபோனதும், ஆராய்ச்சி நிறுவனத்தைக் கட்ட வைத்ததும் ஒரே பிடிவாதம்தான். அடுத்தவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது என்பது அது. அந்தப் பிடிவாதம் மருத்துவத்தில் அவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது. கல்வியில் ஒரு பெரிய கதவைத் திறந்தது.

அவர் கைவிட்ட மருத்துவம் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படித்த ஐரோப்பிய மருத்துவரின் கையிருப்பு மிகச் சிறியது. ரத்தத்தை வெளியேற்றுவார், அட்டை விடுவார், காலோமெல் என்ற பாதரச மருந்தைக் கொடுப்பார், வயிறு கழிய வைப்பார். காலராவில் உடலின் நீரெல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் இவற்றில் சில கிடைத்தன. நோய் விட்டுவைத்ததைச் சிகிச்சை எடுத்துக்கொண்டது. இதே முரட்டு வைத்தியத்தின் மீதான வெறுப்பில்தான் ஜெர்மனியின் மைசன் நகரில் 1755இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் தன் முறையை உருவாக்கினார். ஆரோக்கியமான உடலில் ஒரு பொருள் எந்த அறிகுறிகளை எழுப்புகிறதோ, அதே அறிகுறிகள் கொண்ட நோயை அந்தப் பொருள் குணமாக்கும் என்பது அவர் கோட்பாடு. மருந்தை நூறில் ஒரு பங்காக மீண்டும் மீண்டும் நீர்க்கச் செய்தால் அதன் வீரியம் கூடும் என்பது அதன் தொடர்ச்சி. 30 முறை அப்படி நீர்த்த மருந்தில் மூலப்பொருளின் அளவு, ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு. 12 முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு அரிது. கொடுக்கப்பட்டது பெரும்பாலும் நீரும் சர்க்கரையும்தான். ஆனால் அந்தக் காலத்தில் நீரும் சர்க்கரையும் கொடுப்பது, ரத்தம் எடுப்பதைவிடப் பல மடங்கு நல்ல வைத்தியம். 1854இல் லண்டனைக் காலரா தாக்கியபோது அங்கிருந்த ஹோமியோபதி மருத்துவமனையில் இறந்தவர்கள் சுமார் 16 சதவீதம். மற்ற மருத்துவமனைகளில் பாதிக்கு மேல். மருந்து குணமாக்கவில்லை, கெடுதல் செய்யாமல் விலகி நின்றது. இந்த வேறுபாட்டை அன்று கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

இந்த முறை இந்தியாவுக்குள் பட்டம் பெற்றவர்கள் வழியாக மட்டும் வரவில்லை. லாகூரில் ரஞ்சித் சிங்கின் அரசவையில் ஹோனிக்பெர்கர் என்ற டிரான்சில்வேனிய மருத்துவர் 1839இல் அதைக் கொண்டுவந்தார். 1840களில் தஞ்சையில், அரச ஆதரவுடன், சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒரு மருத்துவமனையே நடத்தினார். கல்கத்தாவில் அதை வேரூன்றச் செய்தவர் ராஜேந்திரலால் தத்தா. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத செல்வந்தர், இலவசமாக வைத்தியம் பார்த்தவர். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தன் தலைவலிக்கு அவரிடம் குணம் கண்டு அந்த முறையின் பற்றாளரானார். சர்க்காருக்கோ தத்தாவின் வாதங்கள் நெடுநாள் எரிச்சலையே தந்தன. ஒரு பத்திரிகை, மார்கன் என்பவர் ஹோமியோபதியின் தத்துவம் பற்றி எழுதிய நூலை மதிப்புரைக்காக அவரிடம் கொடுத்தபோது, கிழித்துப்போட நல்ல வாய்ப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார். படிக்கப் படிக்க ஒரு தயக்கம் வந்தது: இந்த முறையைச் சோதித்தே பாராமல் அதன் மீது தீர்ப்பு எழுதுவது எப்படி முறையாகும்? மதிப்புரையை ஒதுக்கிவிட்டு, தத்தாவின் நோயாளிகளைத் தன் கண்ணாலேயே பார்க்கக் கிளம்பினார்.

அங்கே அவர் செய்ததுதான் இந்த வரலாற்றின் மையம். நோயாளிகள் தேறுவதைக் கண்டதும் அவர் உடனே நம்பிவிடவில்லை. தத்தா விதித்த கடும் பத்தியத்தால் குணமாகிறதோ என்று சந்தேகப்பட்டு, நோயாளிகளை மருந்தின்றிப் பத்தியத்தில் மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிலர் அப்படியே தேறினர். தேறாதவர்களுக்கு மருந்து கொடுத்ததும் அவர்களும் தேறினர். எனவே மருந்துக்குப் பலன் உண்டு என்று முடிவுகட்டினார். ஒரு காரணத்தை விலக்கிவிட்டு இன்னொன்றைச் சோதிக்க வேண்டும் என்ற உணர்வு 1860களின் கல்கத்தாவில் வேறு எத்தனை மருத்துவர்களிடம் இருந்திருக்கும்? ஆனால் ஓட்டை எங்கே என்பது இன்று தெளிவாகத் தெரிகிறது. பத்தியத்தில் தேறாதவர்களுக்கு மருந்து பின்னால் வந்தது. அதற்குள் நாட்களும் கடந்திருந்தன. காய்ச்சலும் கழிச்சலும் பெரும்பாலும் தானே தணிபவை; காலம் செய்த வேலையை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அவர்களில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத உருண்டையைக் கொடுத்து, யாருக்கு எது என்று தனக்கே தெரியாமல் வைத்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். அப்படி ஒரு சோதனை உலகில் ஏற்கெனவே நடந்தும் இருந்தது. 1835இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், 30 முறை நீர்த்த உப்பையும் வெறும் பனிநீரையும் குப்பிகளில் கலந்து வைத்து, எது எவருக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். விவரம் சொன்ன 50 பேரில் 42 பேர் எந்த மாற்றத்தையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன எட்டுப் பேரில் மூவர் குடித்தது வெறும் நீர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சர்க்காரை வெளியேற்றிய மருத்துவர்களின் முடிவுதானே கடைசியில் சரி? 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் இருக்கும் ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. அந்த அளவில் 1867இன் மருத்துவர்கள் சரியான பக்கத்தில்தான் நின்றார்கள். ஆனால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழி வேறு. நியூரம்பர்க் சோதனை போன்ற எதையும் அவர்கள் நடத்தவில்லை. நடந்ததை எடுத்துக்காட்டி அவரை மறுக்கவும் இல்லை. தங்கள் சிகிச்சையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கையும் எதிரே வைக்கவில்லை. இத்தனைக்கும் பாரிசில் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, ரத்தம் எடுப்பதால் பெரிய நன்மை இல்லை என்று 1830களிலேயே காட்டியிருந்தார். கல்கத்தா மருத்துவர்கள் கேட்டது ஆதாரத்தை அல்ல, விசுவாசத்தை. 1878இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுக்கு சர்க்கார் நியமிக்கப்பட்டபோதும் ஹோமியோபதி மருத்துவருடன் சேர்ந்து அமர மாட்டோம் என்று மற்ற உறுப்பினர்கள் போர்க்கொடி தூக்க, அவர் விலக நேர்ந்தது. தவறான முடிவுக்குச் சோதித்து வந்தவரையும், சரியான முடிவில் சோதிக்காமல் நின்றவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவரை இன்னும் நல்ல சோதனையால் திருத்தலாம். பின்னவர்களின் முடிவு நாளை தவறாகிப் போனால் அதைத் திருத்த அவர்களிடம் வழியே இல்லை.

அவர் மாறியதற்கு வேறு நோக்கம் இருந்ததா என்ற கேள்வியும் உண்டு. வெள்ளையர் ஆதிக்கத்தில் இருந்த மருத்துவத்துக்கு எதிரான சுதேசி உணர்வு என்று சிலர் படிக்கலாம். ஹானிமனும் ஐரோப்பியர்தான், சர்க்கார் எதிர்த்தது ஐரோப்பிய அறிவியலையும் அல்ல, வாழ்நாள் முழுதும் அதை இந்தியருக்குக் கற்பிக்கவே பாடுபட்டார். பணம் காரணமாகவும் இருக்க முடியாது. அந்த உரைக்குப் பின் பல மாதங்கள் அவரைத் தேடி வரும் நோயாளிகள் ஏறக்குறைய நின்றேபோனார்கள். பக்தியும் அவரை அசைக்கவில்லை. 1885இல் தொண்டைப் புற்றுநோயால் அவதியுற்ற ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு மருந்து கொடுத்தவர் அவர்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார், அந்த மனிதரை நேசித்தார், ஆனால் அவரை அவதாரம் என்று சீடர்கள் சொன்னதை அவர்கள் முன்னிலையிலேயே மறுத்தார். எந்தக் கூட்டத்தோடும் முழுதாகச் சேராத சுபாவம் இது. மருத்துவச் சங்கத்துக்கு எதிராக நின்றதையும் இதே சுபாவத்தால்தான் விளக்க முடியும்.

வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆண்டே, 1868 ஜனவரியில், ‘கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற இதழைத் தொடங்கினார். ஹோமியோபதிக்காகத் தொடங்கிய அந்த இதழிலேயே, 1869இல், இந்தியர்கள் அறிவியலைப் பயில்வதற்கு ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்ற கட்டுரையை வெளியிட்டார். இந்த இரண்டும் ஒரே தாளில் அச்சானது தற்செயல் அல்ல. சோதிக்காமல் தீர்ப்பளிக்கும் அறிஞர் சபையை நேரில் கண்டவருக்கு, சோதிக்கும் கருவிகள் யார் கையில் இருக்கின்றன என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. அரசுக் கல்லூரிகள் அறிவியலைப் புத்தகத்தில் படித்து ஒப்பிக்கும் பாடமாக வைத்திருந்தன. பரிசோதனையை இந்தியர் தம் கையால் செய்து பார்க்க இடமில்லை. அதை உருவாக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாக நிதி திரட்டினார். அப்போது, நாட்டுக்குத் தேவை தொழிற்பள்ளிதான், தூய அறிவியல் அல்ல என்று இந்தியன் லீக் அமைப்பினர் போட்டித் திட்டம் வைத்தார்கள். வேரை விட்டுவிட்டுக் கனியைக் கேட்க முடியாது என்ற கருத்தில் சர்க்கார் அசையவில்லை. புனித சேவியர் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியரான ஏசு சபைப் பாதிரியார் லஃபோன் அவருக்குத் துணை நின்றார். 1876இல் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் திறக்கப்பட்டது. நிதி இந்தியர் தந்தது, நிர்வாகம் இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

இங்கேதான் சர்க்காரின் மீதான மிகக் கூர்மையான விமர்சனம் வருகிறது. நீயே சோதித்துப் பார் என்ற முழக்கம் இன்று போலி மருந்து விற்பவர்களின் வாயிலும் இருக்கிறது. எனக்குக் குணமானது, அது போதும் என்பார்கள். சர்க்காரின் கொள்கை அவர்களுக்குத் துணைபோகாதா? போகும், அதைப் பாதியில் நிறுத்தினால். தனி ஒருவரின் கண், எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், ஏமாறும். தத்தாவின் நோயாளிகள் முன் நின்ற சர்க்காரே அதற்குச் சாட்சி. ஒருவர் கண்டதை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், அதற்குக் கருவியும் இடமும் பொதுவில் இருக்க வேண்டும், முடிவு பிடிக்காவிட்டாலும் வெளியிட வேண்டும். கழகத்தைத் தோற்றுவித்தபோது இந்த மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் தன் ஹோமியோபதியை மட்டும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தவில்லை. கழகத்தில் ஒளியியலும் வேதியியலும் நடந்தன. வீரியம் கூட்டிய மருந்து வெறும் நீரிலிருந்து வேறுபடுகிறதா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. தன் நம்பிக்கையைப் பரப்ப நிறுவனத்தைப் பயன்படுத்தாத நாணயம் பாராட்டத்தக்கது. அதைச் சோதிக்கவும் பயன்படுத்தாதது அவருடைய குறை. இந்தக் குறையைச் சுட்டிக்காட்ட நமக்குக் கிடைக்கும் அளவுகோலும் அவர் ஊன்றியதே.

1904 பிப்ரவரியில் இறப்பதற்கு முன்பே, கழகம் தோற்றுவிட்டது என்று அவர் மனம் கசந்திருந்தார். ஊதியம் கொடுத்துப் பேராசிரியர்களை வைக்கப் போதுமான பணத்தை நாட்டு மக்கள் தரவில்லை என்று பொதுக் கூட்டத்திலேயே வருந்தினார். ஆனால் பேராசிரியர் இல்லாத அந்த வெறுமைதான் 1907இல் ஒரு தமிழருக்குப் பயன்பட்டது. திருவானைக்காவலில் பிறந்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த சி.வி. ராமனுக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லை, ஆராய்ச்சி வழிகாட்டி இல்லை. சர்க்காரின் மகன் அமிர்தலால் செயலாளராக இருந்த கழகம், நீ எந்தத் துறை, எந்தச் சபையின் உறுப்பினர் என்று கேளாமல் அவருக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டது. தொடக்க ஆண்டுகளில் அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் அங்கே உழைத்து, பின்னாளில் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் துணையுடன், 1928 பிப்ரவரி 28 அன்று ஒளிச்சிதறலின் புதிய விளைவை அவர் கண்டார். 1930இல் நோபல் பரிசு வந்தது. பட்டயம் பார்த்து உள்ளே விடும் சபையாக இருந்திருந்தால் ஒரு கணக்கு அதிகாரிக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. சபையால் வெளியேற்றப்பட்ட ஒருவர் கட்டியதால்தான் அந்த விதி அங்கே இல்லை. சர்க்காரின் மருந்துகளை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அவற்றை அவர் ஏற்ற விதத்தில் இருந்த நேர்மையும், அந்த நேர்மை மட்டும் போதாது என்ற பாடமும் சேர்ந்தே அவருடைய வரலாறு.