கண்ணிழந்தார் கண்ட வேகக் காவல்

நெடுந்தொலைவு மோட்டார் வண்டி ஓட்டுவோர் வலக்காலால் ஆக்சிலரேட்டரை ஓயாது மிதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அவ்வேலையைத் தான் ஏற்று, குறித்த வேகம் மாறாமல் வண்டியைச் செலுத்தும் கருவி ‘குரூஸ் கண்ட்ரோல்’ எனப்படும். இதனை வேகக் காவல் எனத் தமிழில் வழங்கலாம். இக்கருவியை ஆக்கியவர் இரு கண்களிலும் பார்வையற்றவர் என்பது வியப்புக்குரியது அன்றோ?

வேகத்தைக் காக்கும் எண்ணம் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். பொறி விரைந்தால் குண்டுகள் அகன்று எழும். நீராவி வரும் வழி சுருங்கும். வேகம் தளர்ந்தால் அவை தாழும், வழி விரியும். வேண்டிய வேகத்தையும் உள்ள வேகத்தையும் ஒப்பிட்டுத் திருத்தும் இம்முறையே பிற்காலக் கருவிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

இம்முறையை மோட்டார் வண்டிக்குப் பயன்படுமாறு வளர்த்தவர் ரால்ப் டீட்டர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் 1890இல் பிறந்தவர். ஐந்தாம் வயதில் நேர்ந்த விபத்தின் விளைவாகப் பார்வையை இழந்தார். எனினும் 1912இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க்காலத்தில் போர்க்கப்பல்களின் நீராவிச் சுழலிகளைச் சமன்செய்யும் நுண்பணியில் அவருடைய விரல்களே கண்களாயின. 1936இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அவருடைய வழக்கறிஞர் பேசும்போது வண்டியை மெதுவாகவும், பிறர் பேசக் கேட்கும்போது விரைவாகவும் ஓட்டுவாராம். அக்குலுக்கலே டீட்டரைச் சிந்திக்கத் தூண்டியது என்பர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ரப்பரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்த அமெரிக்க அரசு மணிக்கு 35 மைல் என்று வேக வரம்பு விதித்ததும் அவர் முயற்சிக்கு ஊக்கம் தந்தது. 1950இல் காப்புரிமை கிடைத்தது. அம்முதற் கருவி, குறித்த வேகம் எட்டியதும் மிதியை எதிர்த்துத் தள்ளி ஓட்டுநரை எச்சரித்தது. வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் அமைப்பு பின்னர்ச் சேர்ந்தது. 1958ஆம் ஆண்டுக்குரிய கிரைஸ்லர் வண்டிகளில் அது விற்பனைக்கு வந்தது. 1973இல் பெட்ரோல் நெருக்கடி தோன்றி, மறு ஆண்டில் 55 மைல் வரம்பு வந்தபின் அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இதனால் விளையும் நன்மைகள் தெளிவானவை. தம்மையறியாமல் வேக வரம்பைக் கடப்பது தவிர்கிறது; கால் சோர்வு குறைகிறது; சமதளச் சாலையில் எரிபொருள் மிஞ்சுகிறது.

ஆயின் தீமையும் உண்டு. கருவி அறிவது வேகம் ஒன்றையே, சாலையை அன்று. மழைநீர் தேங்கிய இடத்தில் நீரின் தடையால் வண்டி தளர்ந்தால், அது வேகத்தை மீட்க மேலும் விசை கூட்டும். தரையைப் பற்ற வேண்டிய சக்கரம் அப்போது வழுக்கும். ஈரச் சாலை, வளைவுப் பாதை, நெரிசல் ஆகியவற்றில் இதனைப் பயன்படுத்தலாகாது என வண்டிக் கையேடுகள் எச்சரிப்பது இதனாலேயே. மேலும், ஓய்ந்த கால் பிரேக்கை நாடச் சற்றுத் தாமதிக்கும். வேலையற்ற மனமும் அயரும்.

1990களில் முன்செல்லும் வண்டியின் தொலைவை அளந்து தானே வேகம் குறைக்கும் கருவிகள் வந்தன. 1999இல் மெர்சிடிஸ் வண்டி இதற்கு ராடாரைக் கையாண்டது. ஆயினும் வழியில் அசையாது நிற்கும் வண்டியை அறியத் தவறும் கருவிகளும் உள்ளன. காவல் பெருகப் பெருக ஓட்டுநரின் விழிப்புக் குறைந்தால், பாதுகாப்புக்கென வந்ததே ஆபத்துக்கு வழியாகும்.

டீட்டர் 1982இல் மறைந்தார். பார்வையின்றியும் வண்டியின் ஒவ்வோர் அசைவையும் கூர்ந்து உணர்ந்தவர் அவர். அவர் கருவி ஓய்வு கொடுத்தது காலுக்கே. கண்ணுக்கும் கருத்துக்கும் அன்று.