கீழக்கரையின் கற்தூண்களும் குர்துபாவின் வளைவுகளும்

பள்ளிவாசலை வரையச் சொன்னால், சிலமலைப் பகுதி மதரஸாப் பிள்ளைகள் முதலில் குப்பாவையும் மினாராக்களையுமே வரைகின்றனர். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியில் இவ்விரண்டும் இருந்ததில்லை. பேரீச்ச மரத்தண்டுகளே தூண்கள். அதன் ஓலைகளே கூரை. கிப்லா மாறாதது, கட்டட வடிவமோ அந்தந்த மண்ணின் கைத்திறனைச் சார்ந்தது.

இதற்கு நம்மிடமுள்ள சிறந்த சான்று கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வள்ளல் சீதக்காதி வாழ்ந்த காலத்தில் அது எழுந்தது. செதுக்கிய கற்தூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், கற்பலகைகளாலான தட்டைக் கூரை என, கோயில் மண்டபங்களில் தமிழகச் சிற்பிகள் கையாண்ட முறையே அங்கும் காணப்படுகிறது. உருவங்கள் மட்டும் இல்லை. பூக்களும் கொடிகளும் அவ்விடத்தை நிரப்புகின்றன.

ஸ்பெயினின் குர்துபாவிலும் இதுவே நிகழ்ந்தது. 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிக்குப் பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண்கள் பயன்பட்டன. அவை குட்டையாக இருந்தமையால், வளைவின்மேல் வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினர். சிவப்புச் செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்த அவ்வளைவுகள் இன்றும் காண்போரை நிறுத்திவிடுகின்றன.

1236இல் நகரம் மூன்றாம் பெர்னாண்டோவின் வசமானபோது, பள்ளி தேவாலயமாயிற்று. 1523இல் நடுவிலிருந்த தூண்களை அகற்றிப் பெருந்தேவாலயம் கட்ட ஆயர் முற்பட்டபோது, எதிர்த்தவர்கள் யார்? கிறிஸ்தவர்களாலான அந்நகர மன்றத்தாரே! இடிக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தனர். பேரரசர் ஐந்தாம் சார்லசின் ஆணையால் பணி தொடர்ந்தது. எனினும் எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் எஞ்சி நிற்கின்றன.

பிறர் சமயக் கட்டடத்துக்காக அவர்கள் வாதாடினர். நம் ஊர்கள் சிலவற்றிலோ, பழைய கற்பள்ளிகளை நாமே இடித்துக் கான்கிரீட் குப்பா எழுப்புகிறோம். தொழுவோர் பெருகியதால் இடம் போதவில்லை என்பது உண்மையான தேவைதான். குர்துபாவின் ஆட்சியாளர்களுக்கும் அத்தேவை எழுந்தது. இரண்டாம் அப்துர் ரஹ்மான், இரண்டாம் ஹகம், மன்சூர் ஆகிய மூவரும் பழைய தூண்வரிசைகளை நிலைநிறுத்தி, அவற்றை ஒட்டியே பள்ளியை விரித்தனர்.

ஜமாஅத் நிர்வாகிகள் கடப்பாரையை எடுக்குமுன் இம்மூவரின் வழியை ஆலோசிக்க வேண்டும். முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தைக் காக்கும் பொறுப்புணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக!